இலங்கையில் வண்டி பேசுவதற்கு முன்

கீரனூர்க்காரர்களுக்கு வண்டி பேசுவது புதிதில்லை. குலதெய்வம் கோயிலுக்குக் கிடா வெட்டப் போனாலும், பழனி, வேளாங்கண்ணி என்று கிளம்பினாலும், ஸ்டாண்டில் நிற்கும் இன்னோவாவையோ டெம்போ டிராவலரையோ பேசி முடித்துவிட்டுத்தான் மறுவேலை. கிலோமீட்டருக்கு எவ்வளவு, பேட்டா எவ்வளவு, டோலும் பார்க்கிங்கும் யார் பொறுப்பு, ஏசி போட்டால் கூடுதலா? நாலு கேள்வியில் பேச்சு முடிந்துவிடும். டிரைவர் தெரிந்த ஆள். அவர் வீடும் தெரியும். ஏதாவது ஏறுமாறாக நடந்தால் மறுநாள் கடைவீதியில் பிடித்துக் கேட்கலாம்.

கடல் தாண்டிப் போகும்போது இந்தக் கடைசி வசதி இல்லை. அந்த நாலு கேள்விகளும் அங்கேயும் செல்லும், ஆனால் கூடவே வேறு சிலவும் கேட்க வேண்டியிருக்கிறது. நம் பக்கத்திலிருந்து அதிகம் பேர் சுற்றுலாவாகவும் கோயில் யாத்திரையாகவும் போகக்கூடிய வெளிநாடு இலங்கை என்பதால், அதை வைத்தே பார்ப்போம்.

போகும் வழி இப்போது சுலபம். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பதால், கீரனூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான். அங்கிருந்து கொழும்புக்கு ஸ்ரீலங்கன் விமானத்தில் ஒரு மணி நேரம். 2025 மார்ச் 30 முதல் இண்டிகோ திருச்சியிலிருந்து நேராக யாழ்ப்பாணம் பலாலிக்கே பறக்கத் தொடங்கியது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு. 2023 அக்டோபரில் திரும்பத் தொடங்கிய அந்தச் சேவை மழைக்காலத்தில் நின்றுவிடும் என்பதால், அதை நம்பி விடுமுறை போடுகிறவர்கள் தேதியை இரண்டு முறை கேட்டுக்கொள்வது நல்லது. எந்த வாசல் வழியாக இறங்குகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வண்டி எந்த ஊர் வண்டி, டிரைவர் எந்த ஊர்க்காரர், அவர் காலியாகத் திரும்பும் தூரம் எவ்வளவு என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

நாமே ஓட்டிக்கொண்டு போனால் என்ன என்று சில இளைஞர்கள் கேட்பார்கள். அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், சாலைகளும் மோசமில்லை. ஆனால் இந்திய உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. இங்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி, அங்கே போய் அதற்கு அங்கீகாரமும் பெற வேண்டும். அதற்கு மேல் வாடகைக் காரின் முன்பணம், கீறல் விழுந்தால் தகராறு, மலைப்பாதையில் எதிரே முழு வேகத்தில் வரும் பஸ். டிரைவரோடு வண்டி எடுப்பதற்கும் தனிக் கார் எடுப்பதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் வராது. என்னைக் கேட்டால், முதல் பயணத்தில் ஸ்டீயரிங்கைத் தொடவே வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். இலங்கையில் டிரைவரோடு வண்டி எடுக்கும்போது, நீங்கள் கொடுக்கும் பணம் எத்தனை கை மாறி அந்த டிரைவரிடம் போய்ச் சேருகிறது என்பதை விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் பயணம் எப்படி அமையும் என்பதில் பாதி இதிலேயே தெரிந்துவிடும்.

பெரும்பாலும் சங்கிலி இப்படி இருக்கும். திருச்சியிலுள்ள ஒரு டிராவல்ஸில் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். அவர்கள் கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கிறார்கள். அந்த நிறுவனத்துக்குச் சொந்த வண்டி குறைவு, எனவே வெளியிலிருந்து ஒரு வேன் உரிமையாளரைப் பிடிக்கிறது. அவர் ஒரு டிரைவரை நாள்கூலிக்கு அனுப்புகிறார். கட்டுநாயக்க விமான நிலையத்தில் உங்கள் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் இந்தச் சங்கிலியின் கடைசி ஆள். நீங்கள் கட்டியதில் அவர் கைக்கு வருவது கொஞ்சம். மீதியை அவர் வழியில்தான் தேட வேண்டும்.

வழி எங்கே என்று தேட வேண்டியதில்லை. கண்டிக்குப் போகும் சாலையில் மாவனெல்லைப் பக்கமும் மாத்தளைப் பக்கமும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. உள்ளே போனால் ஒருவர் ஏலக்காய்ச் செடியையும் கறுவாப்பட்டையையும் காட்டி, முழங்கால் வலிக்கு ஓர் எண்ணெயைத் தடவிவிட்டு, கடைசியில் மருந்துக் கடைக்குள் கொண்டுபோய் விடுவார். ஏலமும் மிளகும் நாம் தேக்கடிப் பக்கம் பார்த்து வாங்காததா? அடுத்தது மாணிக்கக் கல் கடை, பத்திக் துணிக்கடை, மரச்சிற்பக் கடை. நீங்கள் வாங்குவதில் ஒரு பங்கு டிரைவருக்குப் போகும். இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது, பல நாடுகளில் சுற்றுலா இப்படித்தான் ஓடுகிறது. மாமல்லபுரத்துக்கு வெளிநாட்டவரை அழைத்து வரும் கார் எந்தக் கைவினைக் கடை வாசலில் நிற்கிறது என்று கவனித்தவர்களுக்கு இது புரியும். ஆனால் ஆறு நாள் பயணத்தில் இப்படி நாலு கடை ஏறி இறங்கினால் ஒரு முழுப் பகல் போய்விடும்.

அந்த டிரைவர்களின் பக்கத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்போடு பயணிகள் வரத்து நின்றது. எழுந்திருப்பதற்குள் கொரோனா. அது முடிவதற்குள் 2022-இன் பொருளாதார நெருக்கடி. அந்த ஜூனில் ஒரு லிட்டர் பெட்ரோல் 470 இலங்கை ரூபாய்க்குப் போனது. அந்த விலைக்கும் பெட்ரோல் கிடைக்காமல் நாள்கணக்கில் வரிசையில் வண்டியை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே தூங்கினார்கள். பிறகு கியூஆர் அட்டை காட்டினால்தான் வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று பங்கீடு. இந்த வேன்களில் நிறைய லீசிங்கில் வாங்கியவை. வருமானம் நின்றாலும் தவணை நிற்கவில்லை. கடைக்குக் கூட்டிப்போகும் டிரைவர் கெட்டவர் என்பதில்லை, அவருடைய கணக்கு அப்படி அமைந்துவிட்டது.

அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “வண்டி யாருடையது? ஓட்டப்போவது யார்?” இரண்டுக்கும் ஒரே பெயர் பதிலாக வந்தால் பாதி கவலை தீர்ந்தது. சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிற ஆளிடம் நேரடியாகப் பேசினால் முழுத் தொகையும் அவருக்கே போகிறது. கடைகளில் உங்களை இறக்கிவிடும் அவசியம் குறைகிறது. வண்டியையும் பொத்திப் பொத்தி ஓட்டுவார். ஏற்கெனவே போய் வந்த சொந்தக்காரர், சக ஊழியர், கோயில் யாத்திரைக் குழு என்று விசாரித்தால் இப்படி ஒருவரின் எண் கிடைத்துவிடும். நிறுவனம் வழியாகப் போவதில் தப்பில்லை. வண்டி பழுதானால் மாற்று வண்டி அனுப்ப அவர்களால்தான் முடியும், வயதானவர்களோடு போகும்போது அது பெரிய ஆறுதல். அப்படிப் போனால், “எங்களுக்குக் கடைகள் வேண்டாம், அந்த நேரத்துக்கும் சேர்த்து டிரைவருக்குக் கையில் ஏதாவது கொடுத்துவிடுகிறோம்” என்று முதல் நாளே சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள். பெரும்பாலான டிரைவர்களுக்கு அதுவே நிம்மதி.

டிரைவர் வேறு, வழிகாட்டி வேறு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை பயிற்சி கொடுத்து உரிமம் வழங்கும் வழிகாட்டிகளில், வண்டியும் ஓட்டி இடங்களையும் விளக்கும் ‘ஷோஃபர் கைடு’ ஒரு தனி வகை. அவர்கள் அதிகாரசபையின் அட்டை வைத்திருப்பார்கள். அட்டை இல்லாத சாதாரண டிரைவர் உங்களைச் சிகிரியா வாசல் வரை கொண்டுபோய் விடுவார், மேலே ஏறி ஓவியத்தை விளக்க மாட்டார். கோயில் கும்பிடவும் இயற்கையைப் பார்க்கவும் போகிறவர்களுக்கு நல்ல டிரைவரே போதும். அனுராதபுரம், பொலன்னறுவை என்று வரலாறு பார்க்கப் போகிறவர்கள் அட்டை உள்ளவரைக் கேட்டு வாங்குங்கள். பொலன்னறுவையில் சோழர் காலச் சிவன் கோயில் இருக்கிறது. நார்த்தாமலை விஜயாலய சோழீச்சுரத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அங்கே நின்று கேட்க நிறைய இருக்கும். விளக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் நாலு கல்லைப் பார்த்துவிட்டு வந்ததுபோல் ஆகிவிடும்.

மொழி ஒரு பிரச்சினையே இல்லை, கேட்டால். யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு டிரைவர்கள் பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள். கண்டி, மாவனெல்லை, கொழும்புப் பக்கம் வண்டி ஓட்டும் முஸ்லிம்களில் பெரும்பாலோருக்கு வீட்டு மொழியே தமிழ். மலையகத்தில் ஹட்டன், நுவரெலியா பக்கத்து டிரைவர் என்றால் பேச்சு வேறு மாதிரியும் போகும். புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து மண்டபம் முகாம் வழியாகத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் கொள்ளுப்பேரர்கள் அவர்களில் பலர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பத்தில் பாதி இங்கே வந்து, பாதி அங்கே தங்கிவிட்ட கதைகள் உண்டு. “எங்க தாத்தா ஊரும் உங்க பக்கம்தான்” என்று டிரைவர் ஆரம்பித்தால் அன்றைய பயணம் எப்படிப் போனதென்றே தெரியாது. நிறுவனத்திடம் ‘தமிழ் பேசும் டிரைவர்’ என்று எழுத்தில் கேளுங்கள். கேட்காவிட்டால் சிங்களமும் கொஞ்சம் ஆங்கிலமும் தெரிந்தவர் வருவார். அவரும் நல்லவராகவே இருப்பார், ஆனால் பின் சீட்டில் இருக்கும் அப்பத்தா ஆறு நாளும் வாய் திறக்காமல் வர வேண்டியிருக்கும்.

அடுத்து வண்டி. நம்மூரில் மஞ்சள் போர்டைப் பார்த்தால் வாடகை வண்டி, வெள்ளைப் போர்டு என்றால் சொந்த வண்டி. இந்தக் கணக்கை இலங்கையில் போட்டால் ஏமாந்துவிடுவீர்கள். அங்கே எல்லா வண்டிக்கும் முன்னால் வெள்ளைப் பலகை, பின்னால் மஞ்சள் பலகை. பார்வையிலேயே வாடகை வண்டி என்று சொல்ல முடியாது. ஆகவே காப்பீட்டைத்தான் கேட்க வேண்டும். வாடகைக்கு ஓட்டுவதற்கான காப்பீடு இருக்கிறதா, அதில் பயணிகளும் சேர்த்தியா? சொந்த உபயோகம் என்று காப்பீடு எடுத்த காரில் கூலிக்கு ஆள் ஏற்றி, நடுவழியில் ஏதாவது நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும்.

வண்டிகள் கொஞ்சம் பழையவையாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. தனியார் கார்கள் திரும்ப வர 2025 ஆகிவிட்டது. அதனால் பத்துப் பன்னிரண்டு வயதான ஜப்பான் வண்டிகள்கூட நல்ல விலைக்கு ஓடிக்கொண்டிருக்கின்றன. வயதைவிட டயரும் ஏசியும் சீட் பெல்ட்டும்தான் முக்கியம். பின் சீட்டிலும் பெல்ட் இருக்கிறதா என்று போட்டோ கேட்டு வாங்குங்கள். நாலு பேர், நாலு பெட்டி என்றால் சின்ன வேகன்ஆர் போதாது. ஆறு பேருக்கு மேல் என்றால் அங்கே ‘கேடிஎச்’ என்று சொல்லும் டொயோட்டா வேன்தான் வசதி. சீட் எத்தனை என்று மட்டும் கேட்டால் பெட்டிகள் மடியில் வரும்.

நம்மவர்கள் பெரும்பாலும் சறுக்குவது தூரக் கணக்கில். கீரனூரிலிருந்து மதுரைக்கு நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், இரண்டு இரண்டரை மணி நேரம் என்று பழகிய மனசு, ‘கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீட்டர்தானே, காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் ஒன்றரை மணியில் போய்விடலாம்’ என்று கணக்குப் போடும். அந்த 77 கிலோமீட்டரையே எடுத்துப் பார்ப்போம். காலை எட்டு மணிக்குக் கண்டியில் கிளம்பினால் பேராதனை வரை நகர நெரிசல். கம்பளை தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். புசல்லாவையில் தேயிலை தொடங்கிவிட்டது, யாராவது ஒருவர் போட்டோவுக்கு இறங்குவார். றம்பொடையில் சின்மயா மிஷன் கட்டிய ஆஞ்சநேயர் கோயில், எதிரே அருவி. அங்கே ஒரு மணி நேரம் போய்விடும். அதற்குப் பிறகு கொண்டை ஊசி வளைவுகள். வயிறு புரளுகிறவர்கள் முன் சீட்டுக்கு மாறுவார்கள். லபுக்கலையில் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்து ஒரு டீ. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், வந்து சேரும்போது மதியம் தாண்டியிருக்கும், லேசாகத் தூறிக்கொண்டும் இருக்கும். சாப்பிட்டுவிட்டு ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி சீதா எலியவில் சீதை அம்மன் கோயிலைப் பார்த்தால் பொழுது சாய்ந்துவிடும். ஒரு நாள் முழுவதும் ஓடியது 90 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் வீணாகப் போன நேரம் என்று எதுவும் இல்லை.

இலங்கையில் ஊருக்குள் 50, வெளியே 70, விரைவுச்சாலையில் 100 என்பது கார்களுக்கு வேக எல்லை. சாதாரணச் சாலையில் சராசரியாக மணிக்கு 35–40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், மலையில் அதற்கும் குறைவு. விரைவுச்சாலை இல்லாத பாதையில் ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போட வேண்டாம் என்பது என் கட்சி. விமானத்தில் இறங்கிய அன்றைக்கே கண்டி, மறுநாள் யாழ்ப்பாணம், அதற்கடுத்த நாள் காலி நகரம் என்று ஐந்து நாளில் தீவையே சுற்றிக் காட்டும் பட்டியல்களைச் சில ஏஜென்ட்டுகள் கொடுப்பார்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் மட்டும் 400 கிலோமீட்டர் அளவில், ஏழெட்டு மணி நேரம். அந்தப் பட்டியலில் நீங்கள் பார்க்கப்போவது டிரைவரின் பின்னந்தலையைத்தான்.

இரவில் மலைப்பாதை கூடவே கூடாது. 2025 மே 11 அன்று விடியும் முன், கதிர்காமத்திலிருந்து வந்த ஒரு பஸ் றம்பொடை, கெரண்டி எல்லப் பக்கம் பள்ளத்தில் உருண்டு இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலையகத்தில் நிலச்சரிவுகளை உண்டாக்கி, சாலைகளையும் ரயில் பாதையையும் பல இடங்களில் அறுத்துப் போட்டது. ஆகவே மழைக்குப் பிறகு போகிறவர்கள், எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் டிரைவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ‘இன்றைக்கு இந்த வழி வேண்டாம்’ என்று அவர் சொன்னால் வாதாட வேண்டாம்.

முதல் முறை போகிறவர்களுக்கு ஆறு நாளில் நிதானமாக ஒரு சுற்று இருக்கிறது. கட்டுநாயக்கவில் இறங்கி அன்றைக்குத் தம்புள்ளை. மறுநாள் காலை வெயில் ஏறுமுன் சிகிரியா, பிறகு மாத்தளை வழியாகக் கண்டி. நார்த்தாமலை முத்துமாரியம்மனுக்குப் பங்குனியில் போய் நிற்கிறவர்கள் மாத்தளையில் பெரிய சாலையிலேயே இருக்கும் முத்துமாரியம்மன் கோயிலில் இறங்காமல் தாண்ட மாட்டார்கள். மூன்றாம் நாள் கண்டியிலேயே. நாலாம் நாள் நுவரெலியா. ஐந்தாம் நாள் எல்ல வழியாகக் கதிர்காமம், இரவு பூசையைப் பார்த்துவிடலாம். ஆறாம் நாள் விரைவுச்சாலை பிடித்துக் கொழும்பு. யாழ்ப்பாணத்துக்குத் தனியாக ஒரு முறை போய் வாருங்கள். நல்லூர், கீரிமலை, நயினாதீவு என்று பார்க்க அங்கேயே மூன்று நாள் வேண்டும்.

வாடகை விஷயம். நல்ல நிலையிலுள்ள கார், டிரைவர், எரிபொருள் மூன்றும் சேர்த்து நாளுக்கு 50 முதல் 80 டாலர் வரை கேட்பது பொதுவான வழக்கம், வேனுக்கு அதற்கு மேலே. ஆறு நாளுக்கு 60 டாலர் வீதம் 360 டாலர், நாலு பேர் பிரித்துக்கொண்டால் தலைக்கு 90. தொகையைவிட, அதற்குள் என்னென்ன அடக்கம் என்பதில்தான் சண்டை வரும். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வரை? தாண்டினால் கிலோமீட்டருக்கு எவ்வளவு? விரைவுச்சாலைக் கட்டணம் யார் கொடுப்பது? நம்மூர்போல வழியெல்லாம் சுங்கச்சாவடி அங்கே இல்லை, விரைவுச்சாலைகளில் மட்டும்தான், அதனால் இது சின்னத் தொகை. பெரிய தொகை, காலி வண்டி திரும்புவதில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இறங்கி அந்த ஊர் வண்டியை எடுத்து, பயணத்தைக் கொழும்பில் முடித்தீர்கள் என்றால், டிரைவர் 400 கிலோமீட்டர் காலியாகத் திரும்ப வேண்டும். அதற்கு ஒரு நாள் வாடகையோ எரிபொருளோ கேட்பது நியாயம்தான். முன்கூட்டியே பேசாவிட்டால்தான் கடைசி நாளில் முகம் சுளிக்க வேண்டிவரும்.

டிரைவர் இரவில் எங்கே தூங்குகிறார்? இதைப் பலர் கேட்பதே இல்லை. பெரிய ஹோட்டல்களில் டிரைவர்களுக்கென்று அறையும் சாப்பாடும் வைத்திருப்பார்கள். சின்ன விருந்தினர் விடுதிகளிலும் வீட்டு விடுதிகளிலும் அது இருக்காது. அங்கே அறை போட்டால் டிரைவருக்கும் இடம் உண்டா என்று விடுதிக்காரரிடம் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அவருடைய தங்கும் செலவுக்கு ஒரு தொகையைச் சேர்த்துப் பேசுங்கள். நுவரெலியாக் குளிரில் வேனுக்குள் சுருண்டு படுத்து எழுந்தவர்தான் மறுநாள் உங்களைக் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிக் கொண்டுபோகப் போகிறார். இது இரக்கப் பேச்சு இல்லை, உங்கள் பாதுகாப்புக் கணக்கு.

டிரைவரோடு போவதால் கிடைக்கும் இன்னொரு வசதி, பாதை திறந்திருந்தால், மலை ரயில். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எல்ல வரை போகும் அந்த ரயிலில் பெட்டிகளோடு ஏறுவது பெரும்பாடு. பெட்டிகளை வண்டியில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் ரயிலில் ஏறினால், டிரைவர் சாலை வழியாக வந்து அடுத்த நிலையத்தில் காத்திருப்பார். எல்லோரும் செய்வதுதான், தயங்காமல் கேட்கலாம். பாஸ்போர்ட்டும் பணமும் மாத்திரையும் மட்டும் கையில் இருக்கட்டும்.

யால, உடவளவ போன்ற காடுகளுக்குள் உங்கள் காரோ வேனோ போகாது. ஜீப் தனி, கட்டணம் தனி, அது நாள் வாடகையில் வராது. சிகிரியா போன்ற இடங்களில் வெளிநாட்டவர் சீட்டு விலை அதிகம், ஆனால் சார்க் நாட்டவருக்குக் குறைவு. பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் அந்த விலை. அறையில் வைத்துவிட்டு வந்தால் முழுத் தொகைதான்.

இத்தனையையும் போனில் பேசினால் நிற்காது, வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். இப்படி இருந்தால் போதும்: “அண்ணன், நாங்கள் பெரியவர்கள் 4 பேர், சிறுவர் 1, பெட்டி 5. 10-ஆம் தேதி காலை கட்டுநாயக்கவில் இறங்குகிறோம், 15-ஆம் தேதி இரவு அங்கேயே விட வேண்டும். தம்புள்ளை, கண்டி, நுவரெலியா, கதிர்காமம், கொழும்பு. வண்டி என்ன, எந்த ஆண்டு, நீங்களே ஓட்டுவீர்களா? மொத்தம் எவ்வளவு? அதில் பெட்ரோல், உங்கள் சாப்பாடு, தங்குமிடம், விரைவுச்சாலைக் கட்டணம், பார்க்கிங் எல்லாம் அடக்கமா? கடைகள், தோட்டங்கள் வேண்டாம். சைவச் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினால் போதும்.” கேட்டதற்கெல்லாம் வரிசையாகப் பதில் எழுதுபவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘எல்லாம் பாத்துக்கலாம், வாங்க’ என்று ஒரே வரியில் முடிப்பவரை விட்டுவிடுங்கள்.

முன்பணம் கேட்டால் யோசியுங்கள். நம் வங்கியிலிருந்து வெளிநாட்டுத் தனியார் கணக்குக்குப் பணம் அனுப்புவது ஜிபேயில் தட்டிவிடுவதுபோல் அல்ல, படிவமும் காரணமும் கேட்பார்கள். இது தெரிந்த டிரைவர்கள் பலர் இந்தியர்களிடம் வந்த பிறகே வாங்கிக்கொள்கிறார்கள். பாதியை இரண்டாம் நாள், மீதியைக் கடைசி நாள் என்று பேசிக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. முழுத் தொகையையும் முன்னாலேயே கட்டச் சொல்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் வேண்டாம். 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையில் நம் யுபிஐ செல்லும், ஆனால் அது கடைகளின் கியூஆர் பலகையில்தான். டிரைவருக்குப் பணமாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். டாலரில் பேசினால் டாலராகவே கொடுங்கள். இலங்கை ரூபாயில் கொடுப்பதென்றால் எந்த நாள் விலைக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தேதியும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே ‘போயா’ அரசு விடுமுறை, பௌத்த விகாரைகளில் கூட்டம் அலைமோதும். ஏப்ரல் நடுவில் சித்திரைப் புத்தாண்டுக்கு டிரைவர்களே வீட்டுக்குப் போய்விடுவார்கள், கடைகளும் சாத்தியிருக்கும், நுவரெலியாவில் மட்டும் அறை கிடைக்காது. ஆடி, ஆவணியில் கண்டிப் பெரஹரா ஊர்வலமும் நல்லூர்த் திருவிழாவும். அதைப் பார்ப்பதற்காகவே போனால் சரி, இல்லையென்றால் சாலை அடைப்பில் மாட்டிக்கொள்வீர்கள்.

வேறு நாடுகளில் இதே ஏற்பாட்டுக்கு வேறு பழக்கங்கள். பாலித் தீவில் ‘ஒரு நாள்’ என்றால் வழக்கமாகப் பத்து மணி நேரம், தாண்டினால் மணிக்கணக்கில் கூடும், டிரைவர் இரவில் தன் வீட்டுக்குப் போய்விடுவார். சிங்கப்பூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு ஜொகூருக்கோ மலாக்காவுக்கோ கார் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லை தாண்டி வாடகைக்கு ஆள் ஏற்ற உரிமம் இல்லாத கார்களைச் சிங்கப்பூர் தரைப் போக்குவரத்து ஆணையம் 2025-இல் பிடித்துப் பறிமுதல் செய்தது. பத்து வெள்ளி குறைவு என்று ஏறினால் சோதனைச் சாவடியில் பெட்டியோடு இறங்கி நிற்க நேரிடும்.

வண்டிக்குள் எப்படி நடந்துகொள்வது என்பதற்கும் ஒரு வார்த்தை. ‘டிரைவர், டிரைவர்’ என்று கூப்பிடாதீர்கள். வயதுக்குத் தக்கபடி அண்ணன், தம்பி, ஐயா என்று நம்மூரில் அழைப்பதுபோலவே அங்கேயும் அழைக்கலாம். சாப்பிட நிறுத்தும்போது கூட வந்து உட்காரச் சொல்லி ஒருமுறை கேளுங்கள். தனியாகச் சாப்பிடவே விரும்பினால் வற்புறுத்த வேண்டாம். யாழ்ப்பாணத்து டிரைவரிடம் ஏறிய அரைமணியில் போரைப் பற்றி விசாரணை நடத்துகிறவர்கள் நம்மில் உண்டு. அவருக்கு அது செய்தி இல்லை, வீட்டில் நடந்தது. அவராகத் தொடங்கினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தில் வண்டியில் ஏறியவுடன் செய்ய வேண்டியது இவ்வளவுதான். டிரைவரின் அடையாள அட்டையையும் வண்டி எண்ணையும் ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிவிடுங்கள். எதற்கென்று சொல்லிவிட்டே எடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். போனில் மூன்று எண்களைப் பதிந்துகொள்ளுங்கள். சுற்றுலாப் பயணிகளின் புகாருக்கும் உதவிக்கும் 1912. போலீஸ் 119. ஆம்புலன்ஸ் 1990, நம்மூர் 108 போன்ற இலவசச் சேவை, 2016-இல் இந்திய உதவியோடு தொடங்கியது. திரும்பும் நாளில் கொழும்பு நகருக்குள் இருந்தால் மாலை நெரிசலைக் கணக்கில் வைத்து, விமானத்துக்கு ஐந்து மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள். விரைவுச்சாலை ஏறிவிட்டால் கட்டுநாயக்க அரை மணிதான், அதில் ஏறும் வரைதான் தாமதம்.